ஒமாஹாவில் ஹாரன் அடித்தவன்

"ஒமாஹாவுல ஹாரன் அடிச்சா டீ வருமா கௌஸு?"

ஜோதிமணி இப்படிக் கேட்டபோது வண்டி தாரிஃபைத் தாண்டி ருவைஸ் சாலையில் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மணல். ஸ்டியரிங்கில் இருந்த கௌஸ் முகம்மதுக்குக் கேள்வியே விளங்கவில்லை. காலை ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"நேத்து சார் சொன்ன ஊருல்ல? தூக்கக் கலக்கத்துல மறந்துட்டேன், எந்தப் பக்கம்க்கா? ஃபுஜைராவுக்கு அங்கிட்டா?"

"அமெரிக்காவுல. நெப்ராஸ்கா மாநிலம். நட்டநடு நாட்டுல, சோளக்காட்டுக்குள்ள இருக்குற ஊரு."

"அங்கே சும்மா ஹாரன் அடிச்சா போலீஸ்தான் வரும். டீ மாஃபி, கிடையவே கிடையாது."

"அதுதான் நேத்துலருந்து என்ற மண்டையக் கொடையுது."

ஜோதிமணி கரூர்க்காரி. பதினெட்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது அபுதாபியில் முசஃபாவில் சொந்தக் கடை. வெளியே போர்டில் 'டைப்பிங் சென்டர்'. உள்ளே வருகிறவர்கள் டைப் அடிக்க மட்டும் வருவதில்லை. காணாமல் போனவர்கள், ஏமாற்றியவர்கள், ஏமாந்தவர்கள் என்று சகல பஞ்சாயத்தும் அவள் மேஜைக்கு வரும். கீழக்கரைக்காரனான கௌஸ் அவளுக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவன். வாய் மட்டும் முதலாளிக்கு உண்டான வாய்.

நேற்று வந்தவர் பெயர் சிவசங்கரன். ருவைஸ் சுத்திகரிப்பு ஆலையில் எஞ்சினீயர். வயது ஐம்பத்தெட்டு. படியேறி வந்ததற்கே அரை கிளாஸ் தண்ணீரும் ஐந்து நிமிட ஓய்வும் தேவைப்பட்டது. இதயத்தில் மூன்று அடைப்பு. இந்த வாரமே பைபாஸ் செய்யாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பையன் வராம நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேம்மா," என்றார். "அவன் முகத்தை ஒரு தடவை பாத்துடணும். நெப்ராஸ்காவுல படிக்கிறான். எங்க இருக்கான்னு அட்ரஸ்கூட எங்கிட்ட இல்ல. என் மனைவிகிட்ட கேட்டா, 'பரீட்சை முடியட்டும், வருவான்'கறா. எனக்கு அவ்வளவு நாள் இருக்கான்னு தெரியல. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கதை சிக்கலானது இல்லை. மகன் ஸ்ரீகாந்தைக் கெமிக்கல் எஞ்சினீயரிங் படிக்க அனுப்பினார். அவன் சொல்லாமல் கொள்ளாமல் சரித்திரப் படிப்புக்கு மாறிவிட்டான். விடுமுறைக்கு வந்தபோது குட்டு உடைந்தது. வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அத்தனை பேர் முன்னாலும் மகனைக் கன்னத்தில் அறைந்தார். "என் பிள்ளைன்னு இனிமே சொல்லிக்காதே" என்றார். மறுநாளே அவன் விமானம் ஏறினான். இது நடந்து இரண்டு வருடம்.

அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் நேரில் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். இதைக் கேட்டபோது கௌஸுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வீட்டிலும் அதே கதைதான். வாப்பாவுக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டால், ஒரே அறையில் இருந்துகொண்டே, "உன் மகனைச் சோறு திங்கச் சொல்லு" என்பார் உம்மாவிடம். அவனும், "பசிக்கலைன்னு சொல்லும்மா" என்பான். அஞ்சல் செலவு இல்லாத தபால்.

ஆனால் சிவசங்கரன் வீட்டுத் தபால் கொஞ்சம் விசேஷமானது. ஸ்ரீகாந்த் அம்மாவுக்குப் போன் செய்வான். தான் பார்த்த இடங்களையெல்லாம் அப்பாவிடம் சொல்லச் சொல்வான். அதை மனைவி பத்மா சாயங்காலம் சொல்வாள். மனிதர் அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இருமிக்கொண்டே ஒப்பித்தார்.

லிங்கன் நகரத்துச் சட்டசபைக் கோபுர உச்சியில் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, விதை விதைக்கிற ஒரு குடியானவன் சிலைதான் நிற்கிறது என்றார். மரம் நடுவதற்கென்று அமெரிக்காவில் ஒரு நாள் உண்டே, அது பிறந்ததும் அந்த மாநிலத்தில்தான் என்றார். ஒமாஹாவில் பிறந்த பெரிய மனிதர்களைப் பட்டியல் போட்டார். ஜனாதிபதியாக இருந்த ஜெரால்டு ஃபோர்டு, நடனத்தில் பேர் வாங்கிய ஃப்ரெட் அஸ்டேர், கறுப்பின மக்களுக்காகப் போராடிய மால்கம் எக்ஸ்.

"ஃபோர்டு பொறந்த வீடு எரிஞ்சுபோச்சு மேடம். அந்த இடத்துல ரோஜாத் தோட்டம் போட்டிருக்காங்க. பையன் எதிர்ல காரை நிறுத்தி, ஹாரன் அடிச்சு, டீ வரவழைச்சுக் குடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தானாம்." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சரித்திரம் படிக்கிற பிள்ளை இல்லியா! நான்தான் புரிஞ்சுக்கல."

ஜோதிமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க வீட்டுல இருக்குறப்ப அவன் போன் பண்ணினதே இல்லீங்களா?"

"இல்ல. இப்ப மெடிக்கல் லீவுல வீட்டுலயேதான் கிடக்கேன். அவ கடைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் கூப்பிடறான். எம்மேல இருக்கிற கோபம் அப்படி."

இவ்வளவுதான் கையில் இருந்த துப்பு.

"கார்ல உக்காந்துக்கிட்டு ஹாரன் அடிச்சு, கடைக்காரனை வெளிய வரவழைச்சு டீ குடிக்கிறது நம்ம வளைகுடாப் பழக்கம்," என்றாள் ஜோதிமணி. "அமெரிக்காவுல இருக்குறவன் வாயில அது வராது. சிவசங்கரன் சாரு இருபத்தி நாலு வருஷமா இங்கயே ஹாரன் அடிச்சு டீ குடிச்சவரு. அதனால அவருக்கு உறைக்கல."

கௌஸ் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினான். "கேஸ் கலாஸ், முடிஞ்சுபோச்சு! பையன் அமெரிக்காவுல இல்ல. இங்கேதான் துபாயில ஏதோ பெட்ஸ்பேஸ்ல, பத்துப் பேரோட ஒரே ரூம்ல படுத்துக்கிட்டு, இன்டர்நெட்டைப் பாத்து அம்மாகிட்ட ரீல் விடுறான். நெப்ராஸ்காவும் இல்ல, ரோஜாவும் இல்ல. பீஸை வாங்கிட்டு வண்டியைத் திருப்பவா?"

"இரு. ரெண்டு தமிழன் இருந்தா அங்க ஒரு சங்கம் இருக்கும்."

"மூணு பேர் இருந்தா ரெண்டு சங்கம்."

லிங்கன் நகரத் தமிழ்ச் சங்கத்துப் பொருளாளரின் எண்ணை அவள் முந்தைய நாளே பிடித்து வைத்திருந்தாள். அங்கே இரவு பத்தரை. ஸ்பீக்கரில் ஒரு தூக்கக் குரல் வந்தது. "ஸ்ரீகாந்தா? ருவைஸ் பையன்தானே? தெரியுமே. பொங்கலுக்கு வந்து அண்டாவெல்லாம் கழுவிக் குடுத்துட்டுப் போனான். போன வாரம்கூட லைப்ரரி வாசல்ல பாத்தேன். நம்பர் வேணுமா?"

கௌஸின் முகம் தொங்கிப்போனது. பையன் நெப்ராஸ்காவில்தான் இருக்கிறான், அதுவும் அண்டா கழுவிக்கொண்டு. அப்படியானால் ஒமாஹாவில் ஹாரன் அடித்தது யார்?

பெட்ரோல் போட நிறுத்தினார்கள். கௌஸ் கழிவறைக்குப் போய்விட்டுத் தண்ணீர் பாட்டிலோடு திரும்பியபோது ஜோதிமணி காருக்குள் போனில் பேசி முடித்திருந்தாள். போனை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. பொய் கிளெய்ம்காரர்கள் காலில் விழுந்து அழுதபோதுகூட அசையாதவள் அவள்.

"பையன்கிட்டயா பேசினீங்க?"

"ம்."

"என்ன சொன்னான்?"

"வண்டிய எடு, சொல்றேன்." ஆனால் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வேறு எதையோ ஆரம்பித்தாள். "ஏங் கௌஸு, ஒமாஹாவுல பொறந்த அந்த மூணு பெரிய மனுசங்க கதையும் சாரு சொன்னாரல்லோ. சொல்லு பாப்போம்."

"ஃபோர்டு பொறந்து ஒரு மாசம்கூட ஆகல, அவங்கம்மா கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு, அடிக்கிற புருசனை விட்டுட்டு ஊரை விட்டே போயிட்டாங்க. டான்ஸ்காரரோட அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நியூயார்க் ரயில் ஏறிட்டாங்க. அப்பா ஒமாஹாவுலயே தங்கிட்டாரு. மால்கம் எக்ஸ் வயித்துல இருக்கும்போது, முகமூடி போட்டவனுக துப்பாக்கியோட வீட்டைச் சுத்தி வளைச்சானுங்க. அவங்கம்மா நிறைமாசமா வாசல்ல வந்து நின்னாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். "அக்கா... மூணுலயும் அம்மாதான் இருக்காங்க."

"ஜனாதிபதி என்ன சட்டம் போட்டாரு, டான்ஸ்காரரு எத்தன படம் நடிச்சாரு, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. இருபத்தி மூணு வயசுப் பையன் பெரிய மனுசங்களப் பத்திச் சொன்னா இப்படியா சொல்லுவான்? அதுவுமில்லாம, குடியிருக்குற ஊரைப் பத்தி எவனாவது வீட்டுக்கு இவ்வளவு சரித்திரம் சொல்லுவானா? நீ என்னைக்காவது உம்பொண்டாட்டிகிட்ட அபுதாபிக் கோட்டையப் பத்திப் பேசியிருக்கியா?"

"அஸ்மத் பீவிகிட்ட ரூம்ல ஏசி ஓடலைன்னுதான் பேசியிருக்கேன்." அவன் குரலில் வழக்கமான குஷி இல்லை. "அப்போ ஹாரன் அடிச்சது அந்த அம்மாதானா?"

"அவங்க தெனமும் போற கடையிலயே போய்ப் பாத்துருவோம், வெரசா ஓட்டு," என்றாள் ஜோதிமணி.

ருவைஸ் குடியிருப்புக்கு வெளியே வரிசையாக நாலு கடைகள். ஒரு மளிகை, ஒரு சலூன், ஒரு லாண்டரி, ஒரு கஃபட்டேரியா. அந்தக் கஃபட்டேரியாவின் முன்னால் ஒரு வெள்ளைக் கார் எஞ்சின் ஓட நின்றிருந்தது. நேற்று கிளம்பும்போது சிவசங்கரன் வீட்டு விலாசத்தோடு எழுதிக் கொடுத்திருந்த அதே நம்பர். மலையாளிக் கடைக்காரர் காகிதக் கோப்பையோடு வெளியே வந்து, கண்ணாடி இறங்கியதும் நீட்டிவிட்டுப் போனார்.

"சேட்டா, அந்த மேடம் தினம் வருவாங்களா?" என்று கௌஸ் விசாரித்தான்.

"டெய்லி வரும். ஒரு ஹாரன், ஒரு கரக் டீ. போன்ல எந்தோ படிச்சுக்கிட்டே இருக்கும். பரீட்சைக்கு ஆயிருக்கும்."

ஜோதிமணி போய்க் கண்ணாடியைத் தட்டினாள். தான் யார், யார் அனுப்பி வந்தோம் என்று சொன்னாள். பத்மா மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பின் கதவைத் திறந்துவிட்டாள். இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் காய்கறிப் பை. அவள் கையிலிருந்த போனில் நெப்ராஸ்கா ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டமாக இறங்குகிற கொக்குகளின் படம்.

"இன்னிக்குச் சொல்ல வேண்டியது இதுங்களா?" என்று மெல்லக் கேட்டாள் ஜோதிமணி.

பத்மா தலையாட்டினாள். "அவருக்குப் பறவைன்னா பிடிக்கும்."

கௌஸ் எதையாவது சொல்லிச் சூழ்நிலையைக் கலகலப்பாக்குகிறவன். இப்போது அந்தக் கொக்குப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமெரிக்கா போனதும் எங்கிட்ட ஒரே ஒரு தடவை பேசினான்," என்றாள் பத்மா. "'அவர் அடிக்கும்போது நீ அடுக்களை வாசல்ல நின்னு பாத்துட்டுத்தானேம்மா இருந்தே'ன்னான். அதோட என் நம்பரையும் பிளாக் பண்ணிட்டான். வேற நம்பர்லேருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வெச்சிடுவான். இவர் அவன் பேரையே எடுக்காம இருந்தார். ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள், சாப்பிட்டுக்கிட்டே, தட்டைப் பாத்துக்கிட்டே, 'அவன் போன் பண்ணினானா?'ன்னார். அந்த முகத்தைப் பாத்துட்டு இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பண்ணினான்னேன். என்ன சொன்னான்னார். நான் என்னத்தைச் சொல்ல? போன்ல அந்த ஊரைத் தேடினேன்."

"ஒரு நாள் பொய்யோட நிறுத்தியிருக்கலாமேங்க."

"நிறுத்தணும்னுதான் நெனச்சேன். ஆனா அவர் தினம் சாயங்காலம் வந்து எம்பக்கத்துல உக்காந்துப்பார். 'அப்புறம்?'னு கேப்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல காய்கறி, சம்பளம், ஸ்கூல் தவிர அவர் எங்கிட்ட எதுவுமே பேசினதில்ல. இந்த ஒண்ணரை வருஷமாத்தான் பேசினார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, தானாக வழிந்தது. "ஆபரேஷனுக்கு அவன் வந்தாத்தான்னு நிக்கறார். இல்லாத பிள்ளையை நான் எங்கேருந்து கூட்டிக்கிட்டு வர்றது?"

ஜோதிமணி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். பிறகு, பெட்ரோல் பங்கில் கௌஸிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"உங்க பையன்கிட்ட இன்னைக்குக் காலையில பேசினனுங்க. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். அழுதான். 'ரெண்டு வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்தது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். தப்புப் பண்ணிட்டேண்டான்னு அவர் ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன். அவருக்கு அது தோணவே இல்லை'ன்னான்."

பத்மாவின் கையிலிருந்த டீ மடியில் சிந்தியது. சூடு அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை.

"சொன்னாரே!" என்றாள். "போன தீபாவளிக்குச் சொன்னாரே! 'எல்லார் முன்னாடியும் அவனைக் கை நீட்டிட்டேன் பத்மா, என்னை மன்னிச்சிடச் சொல்லு'ன்னு எங்கிட்ட சொல்லி அழுதாரே! நான் என்ன பண்ணுவேன்? மறுநாள், 'விடுங்கப்பான்னு சொல்லிட்டான்'னு நானே சொல்லிட்டேன். அவர் அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினார். ஐயோ, அந்தப் பிள்ளைக்குப் போக வேண்டியதை நான் வழியிலேயே வெச்சுக்கிட்டேனே!"

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். கௌஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உம்மா அந்தக் காலத்தில் வாப்பாவின் வார்த்தைகளில் எத்தனையை அப்படியே கொண்டுவந்தாள், எத்தனையைத் தானே செய்து கொடுத்தாள் என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை.

"அழுது ஆகறது ஒண்ணுமில்லீங்க," என்றாள் ஜோதிமணி. "'அவரே கூப்பிட்டா பேசறேன்'னு பையன் சொல்லியிருக்கான். இனிமே நடுவுல யாரும் வேண்டாம். வாங்க, வீட்டுக்குப் போலாம். வழியில தைரியத்த வரவழைச்சு நீங்களே அவருகிட்ட உண்மையச் சொல்லீருங்க."

பத்மா சரி என்றாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்துச் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர், "என்ன, போன் பண்ணினானா?" என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

ஜோதிமணிக்கும் வேறு வழி தெரியவில்லை. "சார், உங்க பையனக் கண்டுபிடிச்சிட்டனுங்க. லைன் போட்டுத் தர்றேன், பேசுங்க," என்று எண்ணை அழுத்திப் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் விரல் பட்டு ஸ்பீக்கர் இயங்கிக்கொண்டது.

"அப்பா?"

சிவசங்கரன் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கோபமாக இருந்த மகனிடம் பேசுகிறவர் போலவே இல்லை. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த சிநேகிதனிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"டேய் ஸ்ரீ! எப்படிடா இருக்கே? அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனியா?"

"எந்தத் தோட்டம்பா?"

"ஒமாஹாவுலடா. ஃபோர்டு பொறந்த வீடு எரிஞ்ச இடத்துல."

"நான் ஒமாஹாவுக்கு ஏர்போர்ட்டுக்கு மட்டும்தாம்பா போயிருக்கேன்."

"இல்லடா, உன் ஹிஸ்டரி படிப்புக்காக..."

"ஹிஸ்டரியா?" மறுமுனையில் ஒரு வறண்ட சிரிப்பு. "அதை அப்பவே விட்டுட்டேனேப்பா. இங்கே வந்த உடனே கெமிக்கலுக்கே மாறிட்டேன். நீங்க சொன்ன மாதிரி."

சிவசங்கரன் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் டீக்கறை படிந்த புடவையோடு சுவரோரம் நின்றிருந்தாள். அவர் போனை உள்ளங்கையால் பொத்தினார்.

"அந்தக் கோபுரம், ரோஜா எல்லாம்?"

"நான்தாங்க."

"தீபாவளிக்கு... 'விடுங்கப்பா'ன்னு சொன்னது?"

"அதுவும் நான்தாங்க."

அவருடைய கை தன் நெஞ்சைத் தேடிப் போனது. கௌஸ் பதறி ஒரு அடி முன்னால் வைத்தான். ஜோதிமணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா? இருக்கீங்களா?" என்றது போன்.

ஒன்றரை வருடப் பழக்கத்தில், சிவசங்கரன் போனை அப்படியே மனைவியிடம் நீட்டினார். "நீ சொல்லு," என்றார்.

பத்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை அசைத்தாள். மாட்டேன் என்று.

நீட்டின கை வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு போன் அவர் வாயருகே திரும்பிப் போயிற்று.

"ஸ்ரீ. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைக் கை நீட்டினேனே. தப்புடா. அப்பா பெரிய தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம். அதற்கப்புறம் குரல் உடைந்து வந்தது. "இதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு வருஷமாப்பா?"

கௌஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். 'சொன்னேனே, போன தீபாவளிக்கே சொன்னேனே, உங்கம்மாதான் தரல' என்று இப்போது வரப்போகிறது. சொன்னால் அது நியாயம்தான். பத்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாப்பா," என்றார் சிவசங்கரன், அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல். "எனக்குத்தான் வாய் வரல. உங்கம்மா தினம் தினம் சொல்லச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் கேக்கல."

மறுமுனை வெகுநேரம் அழுதது. இந்த முனையும்தான். கடைசியில் ஸ்ரீகாந்த் கேட்டான்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க. எந்த ஆஸ்பத்திரி, என்னிக்கு ஆபரேஷன்னு கேக்கணும்."

பத்மா ஓடிவந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "அம்மா," என்றான் அவன். ஒன்றரை வருடமாக அவன் பேரில் தானே பேசிக்கொண்டிருந்த அவளுக்கு, அவனிடம் பேச ஒரு வார்த்தைகூட வரவில்லை.